தரை எங்கே இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டியூஷன். கோத்தகிரியில் அந்த நேரத்துக்குப் பனி முழுசாக விலகியிருக்காது. பிள்ளைகள் ஸ்வெட்டரோடுதான் வந்து உட்காருவார்கள். போன ஆடி மாதத்தில் ஒரு நாள், பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் மற்றவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பாகவே வந்து நின்றாள். அவள் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். அப்பா கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கேரட் போடுகிறார். நோட்டை விரித்து என் முன்னால் வைத்தாள்.

"சார், இந்தக் கணக்கு தப்புன்னு போட்டிருக்காங்க. ஃபார்முலா சரியாத்தானுங்க சார் போட்டேன்."

கணக்கு இது. 40 மீட்டர் உயரமுள்ள பாறை விளிம்பில் நின்று ஒருவர் ஒரு கல்லைக் கிடைத்தளத்துக்கு 30 பாகை மேல்நோக்கி, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிகிறார். பாறையின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் கல் தரையில் விழும்? ஜி-யின், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின், மதிப்பு 10 என்று வைத்துக்கொள்ளலாம்.

யு ஸ்கொயர் சைன் 2 தீட்டா பை ஜி (யு எறியும் வேகம், தீட்டா எறியும் கோணம்) என்ற சூத்திரத்தில் எண்களைப் போட்டு, அழகான கையெழுத்தில் 34.6 மீட்டர் என்று எழுதிக் கட்டம் போட்டிருந்தாள். விடைத்தாளில் இருந்தது 69.3.

"சரியா பாதி வருதுங்க சார். எங்கயோ ரெண்டால பெருக்க விட்டுட்டேன்னு ராத்திரி ஒரு மணி நேரம் தேடினேன். கிடைக்கல."

அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தபோது எனக்கு மனசு கனத்தது. காணாமல் போன அந்த 2 எங்கேயும் இல்லை. பாதியாக வந்தது இந்தக் கணக்கின் எண்களால் அமைந்தது. 40 மீட்டருக்குப் பதில் 50 மீட்டர் என்று கொடுத்திருந்தால் பாதி வந்திருக்காது, அவளும் தேடியிருக்க மாட்டாள். பென்சிலை அவள் கையில் கொடுத்தேன்.

"உன் கல்லு 34.6 மீட்டர் தூரத்துல எங்க இருக்கு? படம் போட்டுக் காட்டும்மா."

பாறையை வரைந்தாள். விளிம்பில் ஒரு புள்ளி வைத்தாள். அங்கிருந்து கோடு மேலே ஏறி, வளைந்து, இறங்கி, விளிம்பின் மட்டத்துக்கு வந்தது. பென்சில் அங்கேயே நின்றது. கீழே தரை இன்னும் 40 மீட்டர் தள்ளிக் கிடந்தது.

"சார், கல்லு அந்தரத்துல நிக்குது."

எறிபொருள் இயக்கம் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த வாக்கியத்தைக் கேட்டபோதுதான். பதினைந்து வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். பிள்ளைகள் செய்யும் பிழைகளில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. கல் எங்கே போய் முடிகிறது என்று யாரும் கேட்பதில்லை.

கிடைத்தள நெடுக்கத்துக்கான, அதாவது கல் பக்கவாட்டில் போகும் மொத்தத் தூரத்துக்கான, அந்தச் சூத்திரத்தில் ஒரு தரை ஒளிந்திருக்கிறது. எறிந்த இடமும் விழும் இடமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு வருவித்தது அது. பறக்கும் நேரத்துக்கான சூத்திரமும் அப்படித்தான். பாடப்புத்தகத்தில் அந்த வருவித்தலைப் படிப்படியாகப் படித்தால் இது தெரிந்துவிடும். ஆனால் இந்தப் பெண் கோடை விடுமுறையில் போன ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த ஒரு பக்கத் தாளில் வெறும் சூத்திரங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. எது எப்போது செல்லும் என்ற ஒரு வரி கூட இல்லை. நீட் தேர்வில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும், மனப்பாடம் செய்துகொள் என்று சொல்லியிருக்கிறார்கள். நிபந்தனையைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் கொடுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

அதுவும் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு! இங்கே மட்டமான தரை என்று ஒன்று எங்கே இருக்கிறது? வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்கு இருபது படி ஏற வேண்டும். பள்ளிக்கூட மைதானமே மலையை வெட்டி எடுத்த ஒரு தட்டுதான். அதன் ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் பள்ளம். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடும்போது பந்து தேயிலைக்குள் இறங்கிவிட்டால் அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும் என்பது விதி. சமவெளியில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு விதியே தேவைப்படாது. கல்லை எறிந்தால் எறிந்த மட்டத்துக்கே வந்து விழும் என்ற சூத்திரத்தை இந்த ஊரில் பிறந்த பிள்ளை யோசிக்காமல் நம்புகிறது என்றால், அது பாடத்தையும் தான் நடந்து வரும் வழியையும் இரண்டு தனி உலகமாக வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். பிளஸ் ஒன்னில் எனக்கு இந்தப் பாடம் ஒரு வருவித்தல், ஐந்து மதிப்பெண், அவ்வளவுதான். கரும்பலகையில் எழுதியதை எழுதினேன். ஊட்டியில் கல்லூரி சேர்ந்த பிறகு, ஒரு நாள் விடுதி அறையில் மேசை மேல் இருந்த நாணயத்தை ஸ்கேலால் தட்டிவிட்டபோதுதான் உள்ளே ஏதோ திறந்தது. அன்றைக்குச் செய்ததை இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் செய்கிறேன்.

மேசை விளிம்பில் இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்கள். ஒன்று விளிம்பில் பாதி வெளியே தள்ளி நிற்க வேண்டும். மர ஸ்கேலின் ஒரு முனையை விரலால் அழுத்திப் பிடித்து, மறு முனையைச் சுழற்றினால் ஒரு நாணயம் வேகமாகக் கிடையாகப் பறக்கும், மற்றொன்று ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நேராக விழும். இதைச் செய்வதற்கு முன்னால் பிள்ளைகளிடம் எது முதலில் தரையைத் தொடும் என்று கேட்பேன். பெரும்பாலும் நேராக விழுவதுதான் என்பார்கள், அதற்குத் தூரம் குறைவு என்பார்கள். பிறகு எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வேன். இது கண்ணால் பார்க்க வேண்டிய சோதனையே இல்லை. காதால் கேட்க வேண்டியது. சிமெண்டுத் தரையில் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம்தான் கேட்கும். மேசை 75 சென்டிமீட்டர் உயரம். இரண்டு நாணயங்களும் சுமார் 0.39 நொடியில் கீழே வந்துவிடுகின்றன. ஒன்று சுவர் வரைக்கும் போயிருக்கும், மற்றது மேசைக் கால் பக்கத்திலேயே கிடக்கும்.

திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். ஸ்கேலை இன்னும் வேகமாகச் சுழற்றச் சொல்வார்கள். வேகமாகப் போகிற நாணயம் கொஞ்சம் மெதுவாகத்தான் விழ வேண்டும் என்று அவர்கள் உடம்பே நம்புகிறது. அந்த நம்பிக்கை ஒரு நாளில் போகாது. அதைப் போக்க அவசரப்படுவதும் இல்லை நான்.

பக்கவாட்டில் போகிற வேலை ஒன்று, கீழே விழுகிற வேலை இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது நேரம் மட்டும்தான். கிடைத்தளக் கூறு, செங்குத்துக் கூறு என்று புத்தகம் பிரிப்பது இதைத்தான். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு எறிபொருள் பாடத்தில் சூத்திரமே தேவைப்படாது. நேரத்தை ஒரு பக்கத்தில் கண்டுபிடித்து, மறுபக்கத்துக்கு எடுத்துச் செல்லத் தெரிந்தால் போதும்.

போன வருடம் இதை இன்னும் நெருக்கமாகப் பார்த்தோம். ஒரு பையனின் அண்ணனுடைய செல்போனை வாங்கிக்கொண்டோம். நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் சாதாரண போன். என் வீட்டுப் பின்பக்கச் சுவர் சுண்ணாம்பு அடித்தது. அதில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகக் கரியால் அளவு போட்டோம். சுவரை ஒட்டி ஒரு பலகையை மட்டமாக வைத்து, அதன் மேல் ரப்பர் பந்தை உருட்டிவிட்டோம். பந்து பலகை முனையிலிருந்து கிடையாகக் கிளம்பி விழுவதைப் போன் படம் பிடித்தது. போன் ஆடாமல் இருக்க இரண்டு செங்கலுக்கு நடுவில் நிறுத்தியிருந்தோம்.

பிறகு புராஜெக்ட் ஃபைலுக்கு மேலே போடும் கண்ணாடித் தாளில் ஒரு துண்டை வெட்டிப் போன் திரையின் மேல் ஒட்டினோம். வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, மூன்று ஃப்ரேமுக்கு ஒரு முறை, அதாவது 0.1 நொடிக்கு ஒரு முறை, பந்து இருக்கும் இடத்தில் மார்க்கரால் புள்ளி வைத்தோம். ஐந்து புள்ளிகள். தாளை எடுத்து வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தபோது, பிள்ளைகள் தலைகள் முட்டிக்கொள்ளக் குனிந்தார்கள்.

பக்கவாட்டு இடைவெளிகளைச் சுவரின் அளவுக்கு மாற்றினால் 15, 15, 14, 15 சென்டிமீட்டர் வந்தது. கீழ்நோக்கிய இடைவெளிகள் 8, 18, 27, 37.

பலகையை விட்டுக் கிளம்பும் கணத்திலிருந்து எண்ணினால் 5, 15, 25, 35 என்று வந்திருக்க வேண்டும். 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் வரிசை அது. எங்களுக்கு அப்படி வரவில்லை. ஒரு பையன் முகம் வாடிப் போனான். பந்து பலகையை விட்ட கணம் எந்த ஃப்ரேமிலும் இல்லை, இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் எங்கேயோ நடந்துவிட்டது. நாங்கள் முதல் புள்ளி வைத்தபோது பந்து ஏற்கனவே கொஞ்சம் விழத் தொடங்கியிருந்தது. ஆனால் ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதைவிட எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள்: 10, 9, 10. எந்தக் கணத்திலிருந்து எண்ண ஆரம்பித்தாலும் இந்தக் கூடுதல் மாறாது. 0.1 நொடிக்கு ஒரு முறை பார்த்தால் அது 9.8 சென்டிமீட்டராக இருக்க வேண்டும். புவியீர்ப்பு முடுக்கத்தை ஒரு ரப்பர் பந்தையும் இரவல் போனையும் வைத்து என் வீட்டுக் கொல்லையில் அளந்துவிட்டோம். வாடிய பையன்தான் அந்தத் தாளை நோட்டில் ஒட்டி இன்னும் வைத்திருக்கிறான்.

கலிலியோ இதையே 1608 வாக்கில் போன் இல்லாமல் செய்தார். சாய்வில் உருட்டிவிட்ட குண்டு மேசை விளிம்பிலிருந்து பறந்து எங்கே விழுகிறது என்று அளந்து குறித்துவைத்த அவருடைய தாள்கள் இன்றும் இருக்கின்றன. எறிபொருளின் பாதை பரவளையம் (பாராபோலா) என்று நிறுவிய நூல் 1638-இல் லெய்டனில் அச்சானது. அதற்கு முன்பு பீரங்கிக் குண்டின் பாதையை வரைந்த பலர், குண்டு முதலில் நேர்கோட்டில் போகும், கடைசியில் செங்குத்தாகக் கீழே விழும் என்றே வரைந்தார்கள். என் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் பாறையிலிருந்து எறிந்த கல்லை இன்றைக்கும் அப்படித்தான் வரைகிறார்கள். அந்தப் படத்தை நான் அடிப்பதில்லை. அதற்குப் பக்கத்தில் ஐந்து புள்ளித் தாளை வைத்துவிடுவேன்.

அந்தப் பெண்ணின் கணக்குக்கு வருவோம்.

"உன் சூத்திரத்தை மூடி வை. தரை எங்க இருக்கு?"

"கீழங்க சார். 40 மீட்டர் கீழ."

"எங்கிருந்து கீழ?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு விளிம்பில் வைத்த புள்ளியைத் தடிமனாக்கினாள். அதுதான் ஆதிப்புள்ளி. மேலே போவது நேர்க்குறி, கீழே போவது எதிர்க்குறி என்று ஓரத்தில் எழுதினாள். அப்படியானால் தரை −40-இல் இருக்கிறது. இந்த ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டு அழிந்த விடைத்தாள்களை நான் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறேன். ஜி-க்குக் கழித்தல் போட்டுவிட்டு உயரத்துக்குப் போட மாட்டார்கள். ஆதிப்புள்ளியைத் தடிமனாக வைத்தால் கை தானாகச் சரியாகிவிடும்.

20 மீட்டர் வேகத்தைப் பிரித்தாள். மேல்நோக்கி 20 சைன் 30, அதாவது 10. பக்கவாட்டில் 20 காஸ் 30, அதாவது 17.32. டி நொடியில் புவியீர்ப்பு கீழே இழுத்துவிடும் தூரம் ஜி-யில் பாதி பெருக்கல் டி², அதாவது 5 டி². நேரத்தை 'டி' என்று வைத்துக்கொண்டு செங்குத்துப் பக்கத்தை எழுதினாள்:

−40 = 10 டி − 5 டி²

ஐந்தால் வகுத்து மாற்றி எழுதினால்:

டி² − 2 டி − 8 = 0

காரணிப்படுத்தினால் (டி − 4)(டி + 2) = 0. டி 4 அல்லது −2. எதிர்க்குறி நேரத்தை எல்லோரும் செய்வது போலவே அடித்துவிட்டாள். 4 நொடி. அதைப் பக்கவாட்டுக்கு எடுத்துச் சென்றாள். 17.32 பெருக்கல் 4, 69.28 மீட்டர்.

அவள் முதலில் எழுதிய 34.6 தப்பான எண்ணும் இல்லை. இரண்டாவது நொடியில் கல் விளிம்பின் மட்டத்துக்குத் திரும்பி வரும் இடம் அது. அங்கே ஒரு தரை இருந்திருந்தால் அவள் விடை சரி. இதைச் சொன்னதும் அவள் அந்த 34.6-ஐ அடிக்காமல், படத்தில் அந்தரத்தில் இருந்த புள்ளிக்குப் பக்கத்தில் எழுதினாள்.

இதோடு விட்டுவிடலாம். ஆனால் எங்கள் ஊரில் தரை கீழே இருப்பது மட்டும் பிரச்சினை இல்லை, அது சாய்ந்தும் கிடக்கிறது. பாடப்புத்தகம் அதிகம் தொடாத இந்த இடத்தைத்தான் நான் ஆசையாக நடத்துவேன்.

லைன் வீட்டு மைதானத்தின் ஓரத்திலிருந்து தேயிலைச் சரிவு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவு. பாகைமானியில் நூல் கட்டி, நூல் முனையில் ஒரு சின்னக் கல்லைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளே அளப்பார்கள். அளப்பதற்கு முன் கேட்டால் 45 பாகை, 60 பாகை என்று சொல்வார்கள். அளந்தால் 27-க்குப் பக்கத்தில் நிற்கும். மலையில் நடப்பவர்களுக்குச் சரிவு எப்போதும் கூடுதலாகத்தான் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரம் பிடித்து ஏறும் நம் மலை ரயிலின் மிகச் செங்குத்தான ஏற்றமே 12-க்கு 1 தான், 5 பாகை கூட இல்லை.

மைதான ஓரத்திலிருந்து ஒருவன் பந்தைக் கிடையாக நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடிக்கிறான். இப்போது தரை எங்கே? ஒரு எண்ணாகச் சொல்ல முடியாது. பந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அதில் பாதி ஆழத்தில் தரை இருக்கிறது. அவ்வளவுதான் எழுத வேண்டியது. விழுந்தது 5 டி². போனது 10 டி. விழுந்தது போனதில் பாதி என்றால் 5 டி² = 5 டி. ஆக ஒரு நொடி. 10 மீட்டர் தள்ளி, 5 மீட்டர் கீழே பந்து தேயிலையில் விழும்.

வேகத்தை இரண்டு மடங்காக்கினால்? 5 டி² = 10 டி, இரண்டு நொடி. 40 மீட்டர் தள்ளி, 20 மீட்டர் கீழே. வேகம் இரண்டு மடங்கானால் எடுக்கப் போகும் தூரம் நாலு மடங்கு. இது அந்தப் பையன்களுக்குக் கால்வலியாகவே தெரிந்த விஷயம்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பந்து தேயிலையைத் தொடும்போது எந்தச் சாய்வில் வருகிறது? முதல் பந்து ஒரு நொடியில் கீழ்நோக்கி 10 வேகம் சேர்த்திருக்கும், பக்கவாட்டில் 10. ஆக 45 பாகை. இரண்டாவது பந்து கீழ்நோக்கி 20, பக்கவாட்டில் 20. அதுவும் 45 பாகை. மெதுவாகத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும், கிடையாகக் கிளம்பிய பந்து அந்தச் சரிவை ஒரே கோணத்தில்தான் தொடும். வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்காமல், நாலைந்து வேகம் கொடுத்து அவர்களையே கணக்குப் போட வைப்பேன். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் நோட்டை எட்டிப் பார்க்கும் நேரம் ஒன்று வரும். அந்த நேரத்துக்காகவே நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

45 பாகையில் எறிந்தால்தான் அதிக தூரம் போகும் என்பதையும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். இத்தாலியக் கணிதர் டார்டாக்லியா 1537-இலேயே பீரங்கிக்காரர்களுக்கு இதைச் சொல்லிவிட்டார். ஆனால் 45 எங்கிருந்து வருகிறது? மட்டமான தரைக்கும் செங்குத்துக்கும் நடுவில் 90 பாகை, அதில் பாதி. தரை சாய்ந்தால் பாதியும் நகரும். 30 பாகை ஏற்றத்தில் மேல்நோக்கி எறிகிறவன், ஏற்றத்துக்கும் செங்குத்துக்கும் நடுவில் இருக்கும் 60 பாகையைப் பாதியாக்க வேண்டும். அதாவது கிடைத்தளத்திலிருந்து 60 பாகையில் எறிய வேண்டும். இறக்கத்தில் எறிகிறவன் 30 பாகையில் எறிய வேண்டும். நொடிக்கு 20 மீட்டர் வேகம் என்றால் மட்டத்தில் 40 மீட்டர் போகும் பந்து, சரிவை ஒட்டி அளந்தால், ஏற்றத்தில் 26.7 மீட்டர், இறக்கத்தில் 80 மீட்டர்.

இதை நடத்திய அன்று அந்தப் பெண் சொன்னாள்: "அப்பா அதனாலதான் ஸ்பிரிங்க்ளரைத் தோட்டத்து நடுவுல வைக்காம மேல் ஓரத்துக்குத் தள்ளி வைப்பாருங்க சார். மேல் பக்கம் தண்ணி எட்டாது, கீழ் பக்கம் நிறையப் போகும்."

நான் பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்ததை அவள் அப்பா தினமும் கேரட் பாத்தியில் நட்டுவைத்திருக்கிறார். ஒரு நாள் மாலை போய்ப் பார்த்தேன். வெயில் சாய்ந்த நேரத்தில் பீச்சும் தண்ணீர் வளைவு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. மேல் பக்கம் போகும் வளைவு சீக்கிரமே மண்ணில் முட்டி வெட்டுப்பட்டது. கீழ் பக்கம் போவது நீண்டு, கடைசியில் துளித்துளியாக உடைந்து சாரலாக இறங்கியது. ஆனால் அந்தக் குழாய் வாயின் கோணம் 45 இல்லை, 30-க்கும் கீழே. ஏன் என்று அவளே கேட்டாள். தண்ணீர் துளியாக உடைந்ததும் காற்று அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. உயரமாகப் பீச்சினால் காற்றில் இருக்கும் நேரமும் கூடும், பக்கத்துத் தோட்டத்துக்கு அடித்துக்கொண்டும் போகும். நம் கணக்கில் காற்று இல்லை. கல்லுக்கும் கிரிக்கெட் பந்துக்கும் குறைந்த வேகத்தில் அது பெரிய பிழை இல்லை. தண்ணீர்த் துளிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

ஊட்டி முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கப் போனபோது, பிள்ளைகள் முதலில் பார்த்தது அது சரிவில் கிடப்பதைத்தான். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் கட்டி முடித்தது. அந்த மலைச்சரிவு சுமார் 11 பாகை. ஊட்டியின் அட்சரேகையும் அதே 11 பாகைதான். அதனால் வடக்கு தெற்காகப் படுத்திருக்கும் அந்தக் கருவியின் அச்சு பூமி சுற்றும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். மட்டமான இடம் தேடாமல், சரியாகச் சாய்ந்த இடத்தைத் தேடி வந்து கட்டியிருக்கிறார்கள். வரிசையாக நிற்கும் 24 சட்டங்களும் பரவளையம், நாம் எறிந்த கல் வரையும் அதே வளைவு. ஒரு பையன் அங்கேயே நின்று, இந்தச் சரிவில் பந்து எறிய எந்தக் கோணம் என்று கேட்டு அவனே சொன்னான்: மேலே என்றால் ஐம்பதரை, கீழே என்றால் முப்பத்தொன்பதரை.

மலையில் ஜி குறையுமே, 9.8 போடலாமா என்றும் ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. தொட்டபெட்டா உச்சி 2637 மீட்டர். பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர். உயரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், ஜி அங்கே 0.008 தான் குறையும். நம் கணக்குகளுக்கு அது ஒன்றுமே இல்லை. 9.8-க்குப் பதில் 10 போடுவதில் வரும் வித்தியாசம் அதைவிட இருபத்தைந்து மடங்கு பெரிது. காற்றின் அடர்த்தி மட்டும் ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

அடுத்த ஞாயிறும் அந்தப் பெண் சீக்கிரமே வந்தாள். அதே பக்கத்தைத் திறந்தாள்.

"சார், அந்த மைனஸ் ரெண்டை அடிச்சிட்டோமே. அது எங்கிருந்துங்க சார் வந்துச்சு?"

இதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். "அந்த நேரத்துல கல்லு எங்க இருந்திருக்கும்னு போட்டுப் பாரு" என்றேன்.

பக்கவாட்டில் 17.32 பெருக்கல் −2. விளிம்புக்குப் பின்னால் 34.64 மீட்டர். உயரம் −40. தரை மட்டம். எறிவதற்கு இரண்டு நொடி முன்னால், பாறைக்குள்ளே, அடிவாரத்து மட்டத்தில். பென்சிலை எடுத்து, விளிம்பிலிருந்து பின்னோக்கி, மலையின் வயிற்றுக்குள் புள்ளி புள்ளியாகக் கோட்டை இறக்கினாள். அந்த மலை இல்லாமல் இருந்து, கீழே தரையில் நின்று ஒருவன் எறிந்திருந்தால், அந்தக் கல் சரியாக இந்த விளிம்பு இருக்கும் இடத்தில் 30 பாகையில், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கடந்து போயிருக்கும்.

"அவன் எவ்வளவு வேகத்துல எறிஞ்சிருப்பான்?"

மேல்நோக்கி 10-உடன் இரண்டு நொடிக்கு 20 சேர்த்து 30. பக்கவாட்டில் 17.32. வர்க்கமூலம் எடுத்தாள். நொடிக்கு 34.64 மீட்டர். தூரத்தின் எண்ணும் இதுவே என்பதைக் கவனித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்று மீட்டர், மற்றது நொடிக்கு மீட்டர், எண்கள் ஒத்துப்போனது தற்செயல் என்றேன். கோணம் 60 பாகை. அந்தப் பக்கம் தரையில் விழும் இடத்திலும் போட்டுப் பார்த்தாள். கீழ்நோக்கி 30, பக்கவாட்டில் 17.32. அதே வேகம், அதே 60.

இரண்டு முனையிலும் 60 என்று எழுதினாள். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மற்ற பிள்ளைகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"சார், இப்ப ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்."

நோட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் நாள் எழுதிய அதே சூத்திரத்தை மறுபடி எழுதினாள். யு ஸ்கொயர் 1200. சைன் 120. பத்தால் வகுத்தாள். 103.92. பிறகு ஓரத்தில், மலைக்குள்ளே இருந்த 34.64-ஐயும் வெளியே இருந்த 69.28-ஐயும் கூட்டினாள்.